சமாளித்தார்

மே 6

கிளப் தலைவர் அவர்களுக்கு,

அக்கா என்று எழுதவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் நீ மைக் பிடித்து என்னைப் பற்றிப் படித்தது தலைவராகத்தானே, அதனால் தலைவருக்கே எழுதுகிறேன். உன் போன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். பேசினால் கத்துவேன். எழுதினால் கொஞ்சம் குறைவாகக் கத்துவேன்.

"குறைந்த வசதிகளைக் கொண்டு பயிற்சியாளர் இந்த சீசனைச் சமாளித்தார்." ஒரு வருட உழைப்புக்கு ஒரே ஒரு வரி. நீ அதைப் படித்து முடித்ததும் முன் வரிசையில் உங்கள் கமிட்டியின் பெயிண்ட் கடைக்காரர் சிரித்தாரே, கேட்டதா? எனக்குக் கேட்டது. அதனால்தான் கழுத்தில் இருந்த விசிலைக் கழற்றி உன் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். இப்போது மாமனார் வீட்டில் இருக்கிறேன்.

யார் சமாளிப்பார்கள் தெரியுமா? பாடம் படிக்காமல் பரீட்சைக்குப் போனவன் சமாளிப்பான். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் சமாளிப்பான். நான் செய்தது அதுவா? பன்னிரண்டு அணிகள் இருக்கிற கால்பந்து லீக்கில் நாம்தான் கடைசி என்று எல்லாரும் எழுதி வைத்துவிட்டுத்தான் சீசனையே ஆரம்பித்தார்கள். கடைசி இரண்டு அணிகள் கீழ் டிவிஷனுக்குப் போக வேண்டும். நாம் பத்தாவது வந்தோம். தப்பித்தோம். எதை வைத்து? ஒரு மூலைக்குச் சரிந்து கிடக்கிற மைதானம். மழை பெய்தால் அந்த மூலையில் வாத்து நீந்தும். பேக்கரி வேலை முடிந்து தலையில் மாவோடு ஓடி வருகிற ஃபார்வர்ட். ஷிஃப்ட் மாறினால் பாதிப் பேர் பயிற்சிக்கு வரமாட்டார்கள். லாரி டயர்களை நிற்க வைத்து, இவர்தான் டிஃபெண்டர் என்று நினைத்துக்கொள் என்று சொல்லிப் பந்து அடிக்க வைத்திருக்கிறேன். ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட பள்ளிக்கூட வேனில் வெளியூர் மேட்சுக்குப் போய் இறங்குவோம், எதிரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அப்படிச் சிரித்தவர்களையும் ஜெயித்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம்.

அடுத்த வருடம் நான் வேண்டுமா வேண்டாமா என்று ஜூன் மூன்றாம் தேதி கமிட்டி முடிவு செய்யப் போகிறது. அதற்குள் அந்த வார்த்தையை எடுத்துவிட்டுச் 'சாதித்தார்' என்று போடு. முடியாதென்றால் டயரையே கோச்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பயிற்சியாளர் (முன்னாளா என்பது இன்னும் முடிவாகவில்லை)

---

மே 10

டேய் தம்பி,

தலைவர் அவர்களுக்காம்! உனக்கு மூக்கு ஒழுகினபோது என் பாவாடையால் துடைத்துவிட்டவளுக்கு நீ வணக்கம்கூடப் போடாமல் கடிதம் எழுதுகிறாய். அதை நம் ஃபேக்டரியில் ஐஸ் பார் அறுக்கிற சத்தத்துக்கு நடுவே நின்று படித்தேன். அந்தக் குளிரிலும் எனக்கு உடம்பு தகதகவென்று கொதித்துவிட்டது.

மாமனார் வீட்டு மெத்தை முதுகுக்குப் பழகிவிட்டதா? அங்கே உட்கார்ந்துகொண்டு ரோஷப்படுவது சுலபம். இங்கே இருந்து கேட்க வேண்டும் ஒவ்வொருத்தர் பேச்சையும். "அக்கா கிளப்பு, தம்பி கோச்சு" என்று என் காது படவே சொல்கிறார்கள். நீ கோச்சாக வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் நான் தலைவரானேன் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்த வரியில் முதலில் பெயிண்ட் கடைக்காரர் எழுதச் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? 'தோல்வியடைந்தார்.' ஒரு மணி நேரம் வாய் வலிக்கச் சண்டை போட்டு அதைச் 'சமாளித்தார்' ஆக்கியவள் நான். 'சாதித்தார்' என்று போட்டிருந்தால் என்னையும் சேர்த்து வெளியே அனுப்பியிருப்பார்கள்.

அதுவும் இல்லாமல், நீ சாதித்தாய் என்று எனக்கே தோன்றவில்லை. கோபப்படு, பரவாயில்லை. எல்லா மேட்சையும் நான் பார்த்தேன். நாம் வாங்கின கோல்களில் பாதிக்கு மேல் நம் கோல்கீப்பரின் இடது பக்கம், தரையோடு உருண்டு வந்தவை. அடித்ததுகூட இல்லை, உருண்டு வந்தவை! ஊரே அவனைக் 'கதவு' என்று கூப்பிடுகிறது, தட்டாமலே திறக்கிறான் என்று. ஒவ்வொரு முறையும் உன் பதில் ஒன்றேதான். "மைதானம் சரிவுக்கா, பந்து வேகம் பிடிச்சுடுது." சரி, நம் மைதானம் சரிவு. வெளியூர் மைதானம் எல்லாமா இடது பக்கம் சரிந்து கிடக்கிறது?

ஜெயித்தால் உன் மூளை, தோற்றால் கிளப்பின் வசதி. இந்தப் பாகப்பிரிவினை எனக்குப் பிடிக்கவில்லை.

உன் மாமா உன்னைச் சாப்பாட்டுக்காவது வரச் சொன்னார். அவர் நல்ல மனிதர். நான் அப்படிச் சொல்லவில்லை.

அக்கா

---

மே 14

அக்காவுக்கு,

சரி, அக்கா என்றே எழுதுகிறேன். திட்டுவதற்கு அதுதான் வசதியாக இருக்கிறது.

நீ எல்லா மேட்சையும் பார்த்தாய். கேலரியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு பார்த்தாய். கேலரியில் உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் கோச்சு வேலை தெரியும். ஒருத்தனை எடை போடுவதற்கு முன்னால் அவன் கையில் என்ன கொடுத்தோம் என்று பார்க்க மாட்டாயா? ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற கிளப்பைப் பார். அந்தக் கோச்சைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள், மூன்றாவது இடம் என்று. அவருக்கு மெத்தை மாதிரி புல் மைதானம். கால் பிடித்துவிடத் தனியாக ஓர் ஆள். கோல்கீப்பர் மட்டும் மூன்று பேர். அவ்வளவையும் வைத்துக்கொண்டு மூன்றாவது வந்ததுதான் அசிங்கம். அவரைக் கொண்டுவந்து நம் வாத்துக் குளத்தில் ஒரு மாதம் விட்டுப் பார், அழுதுகொண்டே பாலம் ஏறி ஓடுவார்.

நமக்கு இருப்பது ஒரே ஒரு கதவு. அதிலும் தாழ்ப்பாள் கிடையாது. அவனை எடுத்துவிட்டு யாரை நிறுத்தட்டும், உன்னையா? ஐஸ் பாரைக் கொண்டுவந்து கோல் போஸ்ட்டுக்குக் குறுக்கே அடுக்கட்டுமா? பாதி மேட்சுக்காவது தாங்கும்.

கேட்டுக்கொள். எனக்கு இன்னொரு கோல்கீப்பரைக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் என்னை எடை போடு. அதுவரை 'சமாளித்தார்' என்று சொல்வதற்கு உனக்கும் உரிமை இல்லை, பெயிண்ட் கடைக்காரருக்கும் உரிமை இல்லை.

மாமாவிடம் நன்றி சொல். சாப்பாட்டுக்கு வரமாட்டேன்.

தம்பி

---

மே 19

தம்பி,

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று அக்கரைக் கிளப்பின் கோச்சு நம் ஃபேக்டரிக்கு வந்தார். அவர்களுடைய குளிர்பதன மெஷின் கெட்டுவிட்டதாம். ஆட்டக்காரர்கள் கால் வைக்கிற தொட்டிக்கு ஐஸ் கேட்டார். பார்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் உன்னை விசாரித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க தம்பி பயங்கர ரோஷக்காரருங்க. ஜனவரியில எங்க கோல்கீப்பர் ஒருத்தனை சீசன் முடியிற வரைக்கும் சும்மாவே அனுப்புறேன்னு சொன்னேன். இங்க பெஞ்சைத் தேய்ச்சிட்டுத்தானே இருக்கான், அங்க வந்தா விளையாடுவானேன்னு பார்த்தேன். ரெண்டு தடவை போன் பண்ணேன். 'வேண்டாம் சார், இருக்கிறதை வெச்சு நாங்க சமாளிச்சுக்குவோம்'னு வெச்சுட்டாரு."

சமாளிச்சுக்குவோம். உன் வாயிலிருந்து வந்த வார்த்தை, தம்பி! அதை நான் ஒரு காகிதத்தில் எழுதிப் படித்ததற்குத்தான் விசிலைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாய். ஐந்து நாளைக்கு முன்னால் எனக்கே எழுதுகிறாய், இன்னொரு கோல்கீப்பரைக் கொடுத்துவிட்டு எடை போடு என்று. கொடுக்க வந்தவர் மூஞ்சியில் கதவைச் சாத்திவிட்டு!

அவர் முன்னால் எனக்குத் தெரிந்த மாதிரியே தலையை ஆட்டினேன். நானும் நன்றாகவே சமாளித்தேன்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லட்டுமா? இல்லை இல்லை என்று சொல்வது உனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஏதாவது ஒன்று கையில் வந்துவிட்டால், அப்புறம் தோற்றால் சொல்ல ஒன்றும் இருக்காதே என்று பயம் வந்துவிட்டது. அப்படி இல்லையென்றால் ஏன் என்று எழுது. மழுப்பாமல் எழுது. மூன்றாம் தேதி கமிட்டிக்கு முன்னால் நான் உட்கார வேண்டும்.

அக்கா

---

மே 23

அக்கா,

ஆமாம். போன் வந்தது. வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கிறாயே, நான் ஒன்று கேட்கிறேன். அந்த ஒட்டகச்சிவிங்கி வேன் யாருடையது?

தெரியாது உனக்கு. கிளப் ஏற்பாடு என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது கதவுடைய சொந்த வேன். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறான், ஞாயிற்றுக்கிழமை நம்மை ஏற்றுகிறான். டீசல்கூட யாரும் போட்டது கிடையாது. புதிதாக ஒரு கோல்கீப்பர் வந்து, இவனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால், விடுமுறை நாளில் எந்தப் பைத்தியக்காரன் வண்டியை எடுத்துக்கொண்டு வருவான்? அவன் வராவிட்டால் வெளியூர் மேட்சுக்கு என் ஆட்கள் நடந்து போவார்களா? பேக்கரிக்காரன் வேலை முடித்து மூன்று பஸ் மாறி வந்து சேர்வதற்குள் ஆஃப் டைம் ஆகிவிடும். கோல்கீப்பரா வேனா என்று நின்றபோது நான் வேனை எடுத்தேன். இடது பக்கம் நாலு கோல் போனால் போகட்டும், பதினொரு பேராவது மைதானத்தில் இறங்குவார்களே என்று எடுத்தேன். இதை உன் அறிக்கையில் எப்படி எழுதுவாய்? வேனுக்காகப் புதுக் கோல்கீப்பரை விட்டார் என்றா?

கமிட்டிக்காரர்கள் ஒருத்தர் விடாமல் அந்த வேனில் ஏறி வந்தீர்கள். முன் சீட்டுக்குப் பெயிண்ட் கடைக்காரர் அடித்துக்கொண்ட அழகை நான் பார்த்தேன். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்கு நேரே இருக்கிற ஜன்னல் சீட் உன்னுடையது. ஒரு தடவையாவது யாராவது கேட்டீர்களா, இது யார் வண்டி என்று? இல்லை என்று சொல்வது எனக்குப் பிடித்துப்போய்விட்டதாம். உங்களுக்கெல்லாம் கேட்காமல் ஏறி உட்கார்வது பிடித்துப்போய்விட்டது.

மழுப்பாமல் எழுதச் சொன்னாய். எழுதிவிட்டேன்.

தம்பி

---

மே 27

தம்பி,

உன் கடிதத்தைப் படித்ததும் நேராகக் கதவு வீட்டுக்குத்தான் போனேன். நீ சொன்னது சரி, நாங்கள் கேட்டதே இல்லை; இத்தனை வருடத்தில் அந்தத் தெருவுக்குள் நான் போனதே இல்லை. வாசலில் வேன் நின்றது, ஒட்டகச்சிவிங்கிக்கு ஒரு பக்கக் காது உரிந்திருக்கிறது. உள்ளே அவன் நாற்காலியில் உட்கார்ந்து இடது காலை ஸ்டூல்மேல் நீட்டியிருந்தான். முட்டியில் துணி சுற்றி ஐஸ் கட்டியிருந்தது.

"உங்க ஃபேக்டரி ஐஸ்தான்க்கா" என்று சிரித்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திங்கட்கிழமை தவறாமல் வந்து உடைந்த ஐஸ் கேட்டு வாங்கிப் போவான். மீன் வாங்கி வைப்பதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்தில் ஒரு பயிற்சியில் விழுந்தானாம். அன்றிலிருந்து அந்தக் காலை ஊன்றித் தாவ முடியவில்லை. "கிளட்ச் மிதிச்சாலே உயிர் போகுதுக்கா. எங்கே இடது பக்கம் தாவுறது?" என்றான். அவன் மனைவி சமையலறையிலிருந்தே, "இவருக்கு வாய் இல்லையா, சொல்றதுக்கு?" என்று கத்தினாள். அவன் சொன்ன பதில்தான் எனக்கு இன்னும் காதிலேயே நிற்கிறது. "வேற ஆளே இல்லை, உன்னை நம்பித்தான் இருக்கோம்னு கோச்சு வாரா வாரம் சொல்லுவாரு. ஆளே இல்லாத எடத்துல போய் வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

அக்கரைக்காரர் ஓர் ஆளைச் சும்மா தர வந்ததை அவனிடம் சொன்னேன். நீ ஏன் வேண்டாம் என்றாய் என்பதையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. காலை ஸ்டூலிலிருந்து இறக்கிவிட்டான். கோபம் வந்தால் அவனுக்குக் குரல் சின்னதாகிவிடுகிறது.

"உக்காருடான்னு ஒரு வார்த்தை யாராவது சொல்ல மாட்டாங்களான்னு சீசன் பூரா காத்திட்டிருந்தேன்க்கா. பெஞ்சுல உக்காந்தாலும் வண்டி ஓட்டியிருப்பேனே. கோல்கீப்பரா நிக்கலைன்னா வண்டி எடுக்க மாட்டேன்னு நான் எப்பவாவது சொன்னேனா? என்னைப் பத்தி அவ்வளவுதான் நெனச்சாரா அவரு?"

கேட்டிருந்தால் வேனும் இருந்திருக்கும், கோல்கீப்பரும் இருந்திருப்பான், அவன் முட்டியும் பிழைத்திருக்கும். நீ கேட்கவில்லை, தம்பி. உன் வசதி எவ்வளவு என்று நீயே முடிவு செய்துகொண்டு, அதற்குள் நீயே சிக்கிக்கொண்டாய். எனக்கு உன்மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை தோறும் ஐஸ் உடைத்துக் கொடுத்தவள் நான் என்பதால் பாதி என்மேலேயே வருகிறது.

டாக்டரிடம் அவனை நாளைக்குக் கூட்டிப் போகிறேன்.

அக்கா

---

மே 31

அக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. என் பெண்டாட்டியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "உங்களுக்கு இது வேணும்" என்றாள். இந்த வீட்டில் எனக்காகப் பேச ஆளில்லை.

அந்த வரியில் தப்பான வார்த்தை 'சமாளித்தார்' இல்லை. முன் பாதிதான் தப்பு. 'குறைந்த வசதிகளைக் கொண்டு' என்பதை அடித்துவிடு. மிச்சம் இருப்பதைப் படி. அப்புறம் உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் செய். தம்பி என்று பார்க்காதே.

கதவுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் எழுது.

தம்பி

---

ஜூன் 4

தம்பி,

முட்டியில் சவ்வு கிழிந்திருக்கிறதாம். ஆபரேஷன் இல்லாமல் சரியாகலாம், ஆனால் அடுத்த சீசன் முழுக்க ஓய்வு. சிகிச்சைச் செலவைக் கிளப் ஏற்கும் என்று நேற்று எழுதி வாங்கிவிட்டேன். நேற்று நடந்ததில் நல்ல விஷயம் அது ஒன்றுதான்.

மற்றதைக் கேள். நீ சொன்னபடி முன் பாதியை அடித்தேன். கூட நான் ஒரு வரி சேர்த்தேன். "பயிற்சியாளர் இந்த சீசனைச் சமாளித்தார். நிர்வாகமும் சமாளித்தது." முதல் வரிக்குச் சிரித்தார்கள். இரண்டாவது வரிக்கு யாரும் சிரிக்கவில்லை. வேன் கதையையும் ஐஸ் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். உன்னை வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

பெயிண்ட் கடைக்காரர் எழுந்தார். "அதெல்லாம் சரிம்மா. நம்ம கொடுக்கிற வசதிக்கு வேற எவன் வருவான்? இப்போதைக்கு இருக்கிறவரை வெச்சுச் சமாளிச்சுக்குவோம்."

எல்லாருக்கும் அது பிடித்துவிட்டது. கைகள் மளமளவென்று எழுந்தன. உன்னைப் பற்றி, உன் ஆட்டத்தைப் பற்றி, நீ செய்த தப்பைப் பற்றி ஒருத்தர் ஒரு வார்த்தை பேசவில்லை. நம் சரிந்த மைதானம் மாதிரி, காது உரிந்த ஒட்டகச்சிவிங்கி மாதிரி, நீயும் கிளப்பின் குறைந்த வசதிகளில் ஒன்று. உன்னை வைத்துச் சமாளிக்கப் போகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டேன்.

எதிர்த்துக் கை தூக்கினவள் நான் ஒருத்திதான். உன் சொந்த அக்கா. உன்னைப் போகச் சொன்ன ஒரே ஆள் நான். அந்த அறையில் உன்னை ஒரு கோச்சாக நினைத்த ஒரே ஆளும் நான்தான்டா.

வேலை உனக்கு உண்டு. விசில் என் மேசைமேல் அப்படியே கிடக்கிறது. எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம்.

அக்கா

---

ஜூன் 8

அக்கா,

படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். அப்புறம் போய் எடுத்துவந்து, மடியில் வைத்து நீவி, திரும்பப் படித்தேன். டம்ளர் உடைந்ததா?

பெயிண்ட் கடைக்காரருக்குப் பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். நாலு தடவையும் கிழித்தேன். அவர் சொன்னது நான் அக்கரைக்காரரிடம் சொன்னதேதான். கெட்ட வார்த்தையில் அவரைத் திட்டினால் அது சுற்றிக்கொண்டு என்னிடமே வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். விசிலைத் தொடாதே, யாரையும் தொட விடாதே. உன் வீட்டுக்கும் முதலில் வரவில்லை, மாமா கோபித்துக்கொள்ள வேண்டாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகக் கதவு வீட்டுக்குப் போகிறேன். அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன், இவ்வளவு வருடம் கழித்து அது எப்படி வாயில் வருமோ தெரியவில்லை. அவன் திட்டினால் திட்டட்டும். அவன் பெண்டாட்டி கரண்டியை எடுத்தாலும் நிற்கிறேன்.

உட்கார்ந்து அவனிடம் ஒன்று கேட்கப் போகிறேன், நான் இந்த அணிக்குக் கோச்சாக இருக்கலாமா என்று. கமிட்டி அத்தனை பேரும் சரி என்று தூக்கின கை எனக்குக் கணக்கில்லை. அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், நீ தூக்கின கைதான் கணக்கு. வந்து விசிலை உன்னிடமே விட்டுவிட்டுப் போய்விடுவேன்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் ஞாயிறு வரை கூப்பிடாதே. அவனிடம் கேட்ட பிறகு நானே கூப்பிடுகிறேன்.

தம்பி